வண்டிக்குள் புகுந்த பாம்பு

வடசென்னையில் தண்டையார்ப்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் இடையே டோல்கேட் என்ற பெயரால் வழங்கும் பகுதி, வண்டிகளின் ஓட்டம் ஓயாத இடமாகும். துறைமுகம் செல்லும் கன்டெய்னர் லாரிகளும், பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரங்களிலிருந்து நகருக்கு விளைபொருள் ஏற்றிவரும் சிறு வண்டிகளும், எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தொழிலாளரின் மோட்டார் சைக்கிள்களும் இரவு பகலாக இங்கே கடந்து செல்கின்றன. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் மெட்ரோ ரெயிலும் இங்கே நின்று செல்கிறது. இதையடுத்துள்ள காலடிப்பேட்டை நமது நெசவாள அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டிய ஊர். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றி அமைத்த ஊர் அது. காலெட் பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று.

இத்தகைய சாலையொன்றில், நூல் பொதியோ நெல் மூட்டையோ ஏற்றிச் செல்லும் வண்டிக்குள் பாம்பு ஒன்று புகுந்திருப்பது தெரியவந்தால் என்ன செய்வது? சிலருக்கு இது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் வண்டியோட்டும் தொழிலாளரைக் கேட்டால் அவ்வாறு கூறமாட்டார். அவருக்குப் பாம்பு ஒரு பயம். சரக்குத் தாமதமானால் வரக்கூடிய பேச்சு மற்றொரு பயம். இவ்விரண்டிற்கும் நடுவே அகப்பட்டவர் அவசரப்பட்டுக் கையை நுழைக்கிறார். அந்த அவசரமே உயிருக்கு உலை வைக்கிறது. ஆகவே, வண்டிக்குள் ஒளிந்த பாம்பை அதற்கும் நமக்கும் தீங்கின்றி வெளிக்கொணரும் முறையை இங்கே சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பாம்பு ஏன் வண்டியை நாடுகிறது?

பாம்பு மனிதனைத் தேடி வண்டிக்குள் வருவதில்லை. அதற்கு வேண்டுவன இரை, மறைவு, தனக்கேற்ற வெப்பம் ஆகிய மூன்றுமே. தானியம் சிந்திய வண்டியில் எலி குடியேறுகிறது; எலியின் வாசனையைப் பற்றிக்கொண்டு பாம்பு வருகிறது. பிளவுபட்ட தன் நாவினால் காற்றிலும் தரையிலும் உள்ள வாசனையைச் சேகரித்து, மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்பின் மூலம் அதை அறியும் சக்தி பாம்பிற்கு உண்டு. எலி சென்ற வழியை இருட்டிலும் அது தவறவிடுவதில்லை.

மறைவு என்பது அடுத்த காரணம். உடலின் எல்லாப் புறங்களும் எதன்மீதாவது ஒட்டியிருக்கும் இடுக்கிலேயே பாம்பு அச்சமின்றித் தங்கும். பானெட்டின் அடியிலும், டாஷ்போர்டின் பின்புறத்திலும், சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலும், ஸ்டெப்னியின் குழியிலும் அத்தகைய இடுக்குகள் பல உள்ளன. மோட்டார் சைக்கிளில் ஹெட்லைட்டின் பின்புறமும் சீட்டின் அடிப்புறமும் போதும். நமக்குக் குறுகிய ஓட்டையாகத் தோன்றுவது அதற்கு அகன்ற வாசல்.

மூன்றாவது காரணம் வெப்பம். பாம்பின் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, சுற்றுப்புறத்திலிருந்து பெறுகிறது. மழைக்காலத்தின் குளிர்ந்த இரவில், ஓடி நின்ற எஞ்சினின் இளஞ்சூடு அதற்கு உகந்ததாக இருக்கிறது. கோடைப் பகலிலோ வண்டியின் அடிநிழலை நாடுகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வளைகளில் நீர் புகும்போது பாம்புகள் மேடான இடம் தேடுகின்றன. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மிச்சாங் புயல் சமயத்தில் வடசென்னையில் நீர் தேங்கி நின்றதை நாம் மறந்திருக்க முடியாது. அத்தகைய நாட்களில் புதரோரம் நிற்கும் வண்டியும் பாம்பிற்கு ஒரு மேடுதான்.

இழுத்தால் ஏன் வருவதில்லை?

வண்டிக்குள் பாம்பின் வால் தெரிந்தவுடன் பலருக்கும் தோன்றும் யோசனை, அதைப் பற்றி இழுத்துவிடலாம் என்பதே. இதனினும் தவறான யோசனை வேறில்லை. பாம்பின் உடலில் தலையிலிருந்து வால்வரை நூற்றுக்கணக்கான முள்ளெலும்புகளும் அவற்றோடு இணைந்த விலா எலும்புகளும் உள்ளன. இடுக்கில் இருக்கும் பாம்பு தன் உடலை மடித்து, வயிற்றுச் செதில்களை விளிம்புகளில் ஊன்றிக்கொள்ளும். நாம் இழுக்க இழுக்க அது இன்னும் இறுக்கமாக ஊன்றும். பலமாக இழுத்தால் முதுகெலும்பு முறியும். அல்லது தலை திரும்பி நம் கையை நோக்கி வரும்.

சிக்கு விழுந்த நூலை ஒரு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கும் நெசவாளர் எவரும் இல்லை. இழுத்தால் முடிச்சு இறுகும். மேலும் இழுத்தால் நூல் அறும். எந்தச் சுற்று எதன்மேல் விழுந்தது என்று பார்த்துத் தளர்த்தினால் சிக்கு தானே விடும். பாம்பின் விஷயத்திலும் முறை இதுவே. அதற்கு வெளியேற ஒரு வழியையும், அவ்வழியே வருவதற்கு வேண்டிய நேரத்தையும் நாம் தரவேண்டும்.

செய்யத்தகாதவை

பாம்பை விரட்டுவதாக எண்ணிச் செய்யப்படும் சில காரியங்கள் அபாயத்தைப் பெருக்குகின்றன. மண்ணெண்ணெய், பெட்ரோல், ஃபீனைல் ஆகியவற்றைத் தெளிக்கலாகாது. அவற்றால் பாம்பு வெந்து துடிக்கும். சூடான எஞ்சினில் தீயும் பற்றக்கூடும். புகை போடுவதும் இதே தீங்கை உடையது. கொதிநீர் ஊற்றினால் பாம்பு இறப்பதோடு மின்கம்பிகளும் பாழாகும். இரும்புக் கம்பியால் குத்தினால் அடிபட்ட பாம்பு மேலும் உட்புறம் சென்று ஒளியும். அதைப் பிறகு வெளிக்கொணர்வது இருமடங்கு கடினம்.

எஞ்சினை ஓடவிட்டால் சூடு தாங்காமல் பாம்பு ஓடிவிடும் என்று சிலர் கூறுவர். ஃபேனிலும் பெல்ட்டிலும் அகப்பட்டு அது துண்டாவதே பெரும்பாலும் நடக்கக்கூடியது. துண்டான பாம்பின் தலையும் சிறிது நேரம்வரை கடிக்கவல்லது என்பதை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். செத்ததுபோல் கிடக்கும் பாம்பையும் கையால் தொடலாகாது.

‘இது சாரைதான், பயமில்லை’ என்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புக் கூறுவதும் ஆபத்து. நமது நாட்டில் உயிர்ச்சேதம் விளைவிப்பவற்றுள் முதன்மையானவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு. விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனுக்கும் கொடிய கட்டுவிரியனுக்கும் உள்ள வேற்றுமையைப் பழகியவர்களே பகல் வெளிச்சத்தில் நின்று பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. சீட்டின் அடியில், அரையிருளில், உடலின் ஒரு பகுதியை மட்டும் பார்த்து யாரும் முடிவு கட்டலாகாது. பெயர் தெரியாத பாம்பு எதுவாயினும் அதை விஷமுள்ளதாகவே கொள்வது நலம்.

செய்யத்தக்கவை

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பாம்பு தென்பட்டால், பாம்பைக் காட்டிலும் தடுமாற்றமே உடனடியான அபாயம். எண்ணூர் நெடுஞ்சாலை போன்ற இடத்தில் திடீரெனப் பிரேக் போட்டால் பின்னால் வரும் கனரக வண்டி மோதக்கூடும். ஆகவே, கூச்சலிடாமல், கால்களை வீணாக அசைக்காமல், சிக்னல் காட்டி, இடப்புறமாக ஒதுங்கி நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைத்துக் கைப்பிரேக் போட்டுவிட்டு, பாம்பு உள்ள பக்கத்தை ஒதுக்கி, சாலையின் ஓட்டம் இல்லாத புறமாக எல்லோரும் இறங்கிவிட வேண்டும். மோட்டார் சைக்கிளாயின் நிறுத்தி, ஸ்டாண்டு போட முடிந்தால் போட்டு, விலகி நிற்க வேண்டும்.

இறங்கியபின் பத்து அடிக்குக் குறையாத தூரத்தில் நின்று வண்டியைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். அவருடைய வேலை பாம்பைப் பிடிப்பதன்று; அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைக் கண்ணால் தொடர்வதே. பாம்பு பிடிப்பவர் வந்து கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. தரையில் காலடிகள் பெருகினால் அதன் அதிர்வைப் பாம்பு தன் உடலால் உணர்ந்து இன்னும் உள்ளே பதுங்கும். கூட்டம் கலைந்து ஓசை அடங்கினால், பல சமயங்களில் அது தானாகவே இறங்கிப் போய்விடுவதும் உண்டு. அவ்வாறு போகும் பாம்பைத் துரத்துவது வீண் வம்பு.

இதற்கிடையே உதவி கோர வேண்டும். தீயணைப்பு நிலையத்திற்கு 101, பொது அவசர உதவிக்கு 112 என்ற எண்கள் உள்ளன. தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறையினர் இத்தகைய அழைப்புகளுக்கு வருகின்றனர். வனத்துறைக்கும் தகவல் தரலாம். பாம்புகள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தினால் காக்கப்படுபவை என்பதால், அவற்றைப் பிடிப்பவர் அனுமதியும் பயிற்சியும் பெற்றவராக இருத்தல் அவசியம். ‘எங்கள் தெருவில் ஒரு பையன் நன்றாகப் பிடிப்பான்’ என்று அழைத்துவந்து, அந்தப் பையனின் உயிரைப் பணயம் வைப்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

பயிற்சி பெற்றவர் செய்யும் முறை எளிமையானது. எங்கே பாம்பு இருக்கிறதோ அதற்கு அருகிலுள்ள மூடியையோ சீட்டையோ மெக்கானிக்கின் துணையுடன் திருகு கழற்றி மெல்ல அகற்றுவார். பிறகு, இருண்ட நிறமுடைய நீண்ட துணிப்பையின் வாயில் ஒரு குழாயைப் பொருத்தி, குழாயின் மறுமுனையைப் பாம்பின் முன்னே வைப்பார். வெளிச்சத்திலிருந்து தப்ப வழி தேடும் பாம்பிற்கு அக்குழாய் ஒரு வளைபோலத் தோன்றுகிறது. நீண்ட கொக்கியால் பின்புறத்தைச் சற்றே தொட்டால் அது தானாகவே குழாய்க்குள் நுழைந்து பையின் அடியில் சுருண்டுகொள்ளும். பையை முறுக்கிக் கட்டிவிட்டால் காரியம் முடிந்தது. கழுத்தைப் பிடிப்பதும் வாலைச் சுழற்றுவதுமான வித்தை எதற்கும் இதில் இடமில்லை. பார்க்க நின்றவர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். ஆனால் கடி என்பது இம்முறையில் மிக அரிது.

தேடியும் பாம்பு அகப்படவில்லை என்றால்? அது போய்விட்டது என்று எண்ணி உடனே வண்டியை எடுக்கலாகாது. வண்டியை நிழலில் நிறுத்தி, சரக்குகளை நீண்ட கழியால் ஒவ்வொன்றாக நகர்த்தி இறக்கி, சக்கரங்களைச் சுற்றிலும் கோலமாவை மெல்லிய படலமாகத் தூவி ஓர் இரவு விட்டுவைக்கலாம். பாம்பு வெளியேறினால் மாவில் அதன் தடம் வளைந்து நெளிந்து தெரியும். தடம் தென்பட்ட பிறகும் டார்ச் விளக்கினால் ஒருமுறை முற்றிலும் பார்த்துவிட்டே ஏற வேண்டும். ஒன்று போனபின் வேறொன்று இருக்க நியாயமில்லை எனினும், பார்த்துவிடுவதால் நஷ்டம் ஏதுமில்லை.

வளர்ப்புப் பாம்பு தப்பினால்

நிற்க. இக்காலத்தில் அயல்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்போரும் சிலர் உண்டு. ‘பால் பைத்தான்’ எனப்படும் மேற்கு ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு அவற்றுள் ஒன்று. நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். அயல்நாட்டு இனங்களுக்கோ 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் 2024ஆம் ஆண்டில் வந்த விதிகளும் பதிவு செய்துகொள்ளும் கடமையை விதித்துள்ளன. இந்த வியாபாரத்தில் கள்ளக் கடத்தல் மலிந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்ததைச் சுங்க அதிகாரிகள் கண்டு கைப்பற்றினர். ஆகவே, வாங்குமுன் பத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

முறைப்படி பதிவு செய்த பாம்பைக் காரில் கொண்டுசெல்லும்போது அது கூடையிலிருந்து நழுவி வண்டிக்குள் ஒளிந்தால், செய்யவேண்டியது சற்று மாறுபடும். காட்டுப்பாம்பு வெளியேற வேண்டும், இதுவோ வெளியேறலாகாது. முதலில் கதவுகளை மூடி, கண்ணாடிகளை ஏற்றி, வண்டியை உடனே நிழலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சென்னை வெயிலில் மூடிய காரின் உட்புறம் 50 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்டுச் சூடேறும். பாம்பு அதைத் தாங்காது, விரைவில் இறந்துபோகும். கண்ணாடியைச் சிறிது இறக்கி, இடைவெளியைக் கம்பிவலையால் அடைத்துவைப்பது காற்றுக்கு உதவும்.

சீட்டை முன்னும் பின்னும் தள்ளலாகாது. அடியில் இருந்தால் நசுங்கிவிடும். குளிர்சாதனக் காற்றாடியையும் இயக்கலாகாது. பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்து, பின் சீட்டின் அடி, தரைவிரிப்பின் கீழ், டிக்கி, ஸ்டெப்னிக் குழி, டாஷ்போர்டின் பின்புறம் என்று முறையாகத் தேட வேண்டும். டாஷ்போர்டைக் கழற்றுவது இக்காலக் கார்களில் மெக்கானிக்கின் வேலை. பாட்டரி இணைப்பைத் துண்டிக்காமல் தொட்டால் உயிர்காக்கும் காற்றுப்பை திடீரென வெடித்து விரியக்கூடும்.

தேடியும் அகப்படாவிட்டால் பொறுத்திருப்பதே நல்லது. வளர்ந்த மலைப்பாம்பு வாரக்கணக்கில் உணவின்றி இருக்கவல்லது. பசியால் அதற்கு உடனே கேடு வராது. ஓர் அட்டைப்பெட்டியில் சிறு வாசல் வெட்டி, அது வழக்கமாகப் படுக்கும் துணியையும், வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய புட்டியையும் உள்ளே வைத்து, வண்டியின் தரையில் விட்டுவைக்க வேண்டும். இரவில் ஊர்ந்து வரும் பாம்பு தன் வாசனையும் இளஞ்சூடும் உள்ள இருட்டைத் தேடி அங்கே புகுவது இயல்பு. சீட்டின் ஸ்பிரிங்கில் சுற்றிக்கொண்டிருந்தால், சீட்டையே கழற்றி வெளியே எடுத்து, வால்பக்கத்திலிருந்து சுற்றுச் சுற்றாகத் தளர்த்திவர வேண்டும். எலி பிடிக்கும் பசை அட்டையை எக்காரணத்தாலும் வைக்கலாகாது; அதில் பாம்பின் தோல் உரிந்துவிடும்.

கடி நேர்ந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தும் கடி நேரலாம். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். இறந்தோரில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். நம்மைப் போன்ற உழைப்பாளிகள். தமிழ்நாட்டரசு 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது.

கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைக்க வேண்டும். மோதிரம், வளையல், செருப்பு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். வீக்கம் கண்டபின் கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ ஒரு பலகைத்துண்டு வைத்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் வைக்க வேண்டும். 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். டோல்கேட் வட்டாரத்தினருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. கயிற்றால் இறுகக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது ஆகிய யாவும் தீமையே தரும். பாம்பைக் கொன்று மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டியதும் இல்லை. மேற்கூறிய நான்கு பாம்புகளின் விஷத்திற்கும் ஒரே முறிமருந்துதான் தரப்படுகிறது. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டிற்குப் போய்ப் படுத்துவிடலாகாது.

பாம்பு பிடிப்போரின் கூட்டுறவு

அம்முறிமருந்து எங்கிருந்து வருகிறது என்பதைக் கூட்டுறவாளராகிய நாம் பெருமையுடன் அறிந்திருக்க வேண்டும். பாம்பின் விஷத்தைக் குதிரையின் உடலில் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தே இம்மருந்தைச் செய்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியை நாட்டிற்கு அளித்துவந்தது ஒரு கூட்டுறவுச் சங்கம். 1978ஆம் ஆண்டில் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கமே அது. மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில் அது இயங்குகிறது.

இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தடம் பார்த்துப் பாம்பு பிடிப்பவர்கள். ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்காகப் பிடித்தார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டமும், 1976ஆம் ஆண்டில் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை நிறுத்தின. கையில் வித்தை இருந்தும் பிழைக்க வழியின்றி நின்ற அவர்கள், பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகரின் துணையுடன் சங்கம் அமைத்தனர். வனத்துறையின் அனுமதி பெற்றுப் பாம்பைப் பிடித்து, மண்பானையில் சுமார் மூன்று வாரம் வைத்திருந்து, நான்கு முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். பாம்பு சாகவில்லை, தொழிலும் சாகவில்லை, மருந்தும் கிடைக்கிறது.

இச்சங்கத்தாரின் திறமை கடல் கடந்தும் சென்றது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வளர்ப்பதற்காக வாங்கப்பட்டுப் பின் தப்பியும் கைவிடப்பட்டும் போன பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புக்காடுகளில் பெருகி, அந்நாட்டுப் பிராணிகளைத் தின்று தீர்த்துவருகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க 2017ஆம் ஆண்டு மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இரு இருளர்கள் அங்கே அழைக்கப்பட்டனர். முதல் இரண்டு வாரங்களுக்குள் அவர்கள் பிடித்தவை 13. அவற்றுள் 16 அடி நீளமுள்ள பெண்பாம்பு ஒன்று. 2023ஆம் ஆண்டில் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வளர்ப்புப் பாம்பு கைநழுவினால் நேரக்கூடிய கேட்டிற்கும், தரையில் விழுந்த சிறு தடத்தைப் பொறுமையாகப் படிப்பவரின் ஆற்றலுக்கும் இது ஒருசேரச் சான்றாகும்.

சங்கங்கள் செய்யவேண்டியது

இனி, நமது சங்கங்கள் இதில் செய்யக்கூடியவற்றைக் கூறி முடிப்போம். கிடங்கில் எலியை ஒழித்து, சிந்திய தானியத்தை அன்றன்று கூட்டி, காலிச் சாக்குகளைத் தரையில் குவிக்காமல் பலகைமேல் அடுக்கினால் பாதிப் பாம்பு வராது. வண்டியைப் புதரோரத்திலும் விறகு அடுக்கின் அருகிலும் இரவில் நிறுத்தாமல், கண்ணாடியை ஏற்றி மூடிவைக்க வேண்டும். மழைக்காலத்தில் காலையில் எஞ்சினைக் கிளப்புமுன், சற்று எட்ட நின்று சக்கரங்களையும் அடிப்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். 101, 108, 112 ஆகிய எண்களையும் அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தின் எண்ணையும் ஒவ்வொரு வண்டியிலும் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

இவை யாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. பாம்பு புகுந்ததால் வண்டி நின்ற நேரத்திற்கு ஓட்டுநரின் கூலியில் பிடித்தம் செய்வதில்லை என்றும், மெக்கானிக்கிற்கு ஆகும் செலவைச் சங்கமே ஏற்கும் என்றும் நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அவ்வாறு தீர்மானம் இல்லாத இடத்தில், மேலே எழுதிய எச்சரிக்கைகள் அனைத்தும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும். நேரம் போனால் கூலி போகும் என்ற அச்சமுள்ளவர் பத்து அடி தள்ளி நிற்கமாட்டார், கையைத்தான் நீட்டுவார். பொறுமையாக நில் என்று நாம் தொழிலாளிக்குச் சொல்வதானால், அப்பொறுமைக்கு ஆகும் செலவை அவர் தலையில் ஏற்றலாகாது. அதைப் பலர் கூடிப் பகிர்ந்துகொள்வதற்கே சங்கம் என்று பெயர்.

ஒரு நடை தாமதமானால் ஏற்படும் நஷ்டத்தை வருட முடிவில் கணக்கில் எழுதிச் சரிசெய்துகொள்ளலாம். கடிபட்டு இறந்த ஓட்டுநரின் குடும்பத்திற்கு எந்தக் கணக்கில் எழுதி ஈடுகட்டுவது? வரும் ஐப்பசிக்குமுன் ஒவ்வொரு சங்கமும் இதைப் பொதுக்குழுவில் எடுத்துப் பேசி முடிவுசெய்ய வேண்டுமென அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.